மலாக்கா நீரிணையில் பாய்ப்படகோடு: இறங்க வேண்டிய ஊர்கள் பற்றிக் கேள்வி பதில்

நானும் என் கணவரும் மலேசியாவின் மேற்குக் கரையோரமாகப் பாய்ப்படகில் போய்வருகிறவர்கள். லங்காவிக்கும் மலாக்காவுக்கும் இடையில் எங்கே நங்கூரம் போடலாம், இறங்கி எதைப் பார்க்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒருவர்: எந்த மாதம் போகலாம்? ஒரே பயணத்தில் எல்லா ஊரையும் பார்த்துவிட முடியுமா?

டிசம்பரிலிருந்து மார்ச் வரை போங்கள். வடகிழக்குப் பருவக்காற்றின் அடியெல்லாம் தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்குத்தான். நடுவில் மலைத்தொடர் மறைப்பதால் மேற்குக் கரையில் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு அப்படியில்லை. இரவில் சுமத்ரா பக்கம் திரளும் மேகம் விடியற்காலையில் நீரிணையைக் கடந்து சூறையாக வந்து விழும். 40 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.), சில சமயம் அதற்கு மேலும் அடிக்கும். அந்தக் கடலில் ஓடுகிறவர்கள் அந்தக் காற்றையே ‘சுமத்ரா’ என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் நான் அந்த மாதங்களைச் சொல்வதற்குக் காற்று மட்டும் காரணமில்லை. கரையில் திருவிழாக்கள் அடுத்தடுத்து வருவதும் அப்போதுதான். பொங்கலுக்கு முதல் நாள், பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளின் முன்னோர் படையல். தைப்பூசத்துக்குப் பினாங்கு. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கும் அதே பினாங்கு. மாசி மகத்துக்குப் பங்கோர் தீவு. அதனால் வரைபடத்தைப் பார்த்து வடக்கிலிருந்து தெற்காக ஒவ்வொரு ஊராக இறங்கிவராதீர்கள். நாள்காட்டியை விரித்துவைத்துப் பயணத்தைப் போடுங்கள். ஜனவரியில் மலாக்கா, அங்கிருந்து மேலே பினாங்கு, திரும்பி வரும்போது பங்கோர். காற்று கரைப்பக்கமிருந்து வருவதால் போகவும் வரவும் ஒத்துப்போகும்.

எல்லா ஊரையும் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நான்கு இடம் போதும், ஒவ்வொன்றிலும் ஒரு வாரமாவது இருங்கள். காலையில் நங்கூரம் போட்டு மாலையில் தூக்கினால் கடைத்தெருவை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு பொறியாளர்: இரவில் ஓட்டலாமா? பாயை மட்டும் நம்பிப் போக முடியுமா?

கரையோரத்தில் இரவு ஓட்டம் வேண்டாம். விளக்கில்லாத மீன்பிடிப் படகுகள், மிதவை கட்டிய வலைகள், இழுவைக் கப்பல்கள் எல்லாம் குறுக்கே வரும். வலை படகின் உந்துவிசிறியில் சுற்றினால் இருட்டில் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே போனால் உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. அதனால் விடியும் முன் கிளம்பி வெளிச்சம் இருக்கும்போதே அடுத்த நங்கூரத்துக்குப் போய்ச் சேருங்கள். லங்காவி முதல் பினாங்கு வரை சுமார் 60 கடல்மைல், ஒரு நீண்ட பகலில் முடிந்துவிடும்.

காற்று பல நாள் போதாது. பாதித் தூரம் எஞ்சின்தான் என்று கணக்கிட்டு டீசல் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவி: அக்கா, லங்காவியில் வரியில்லாக் கடைகளைத் தவிர வேறு ஏதாவது உண்டா?

உண்டு தங்கை. மசூரி என்ற பெண்ணின் கல்லறைக்குப் போய்வா. செய்யாத குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவள், சாகும்போது வெள்ளை ரத்தம் சிந்தினாள், ஏழு தலைமுறைக்குத் தீவு விளங்காமல் போகச் சாபமிட்டாள் என்பது கதை. நம் ஊரில் அநியாயமாகச் செத்த பெண்ணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறோமே, அதை அறிந்தவர்களுக்கு அந்த இடம் வேறு மாதிரி படும். கிளிம் பக்கத்துச் சதுப்புக் காடும் சுண்ணாம்புப் பாறைகளும் அழகு. 2007இல் யுனெஸ்கோ அந்தத் தீவைப் புவிப்பூங்காவாக அங்கீகரித்தது.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள். லங்காவி கெடா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். துறைமுக அலுவலக வேலைகளை ஞாயிறு முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: கடாரத்தைக் கடலிலிருந்து பார்க்க முடியுமா?

ஐயா, கடாரம் என்ற இன்றைய கெடாவின் அடையாளத்தைப் பார்க்கலாம். லங்காவியிலிருந்து தெற்கே வரும்போது இடப்பக்கம் சமவெளியிலிருந்து தனியாக ஒரு மலை எழுந்து நிற்கும். அது ஜெராய் மலை, 1,217 மீட்டர். வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த பழைய கப்பல்களுக்கு அதுதான் கரைக்குறி. திசைகாட்டும் கருவிகள் எத்தனை இருந்தாலும், தெளிவான காலையில் அந்த மலை தெரியும்போது நாங்கள் இருவரும் மேல்தளத்துக்கு வந்துவிடுவோம். ராஜேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை எல்லோரும் சொல்கிறோம். அதற்குச் சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்டினான், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்த நட்பையும் சேர்த்து நினைக்க வேண்டிய இடம் இது.

பழைய கடாரத்தின் எச்சங்களைப் பார்க்க மெர்போக் ஆற்றுக்குள் படகைக் கொண்டுபோக முயல வேண்டாம். பினாங்கில் படகை விட்டு, ஃபெரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து ரயிலில் சுங்கைப் பட்டாணி, அப்புறம் வாடகைக் கார். அந்த எச்சங்கள் இருக்கும் புஜாங் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே, ஓடைக்கரையில், புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. 1930களில் தோண்டிக் கண்டெடுத்ததைப் பின்னால் கல் கல்லாக அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கருவறை, மண்டபத் தூண்கள் நின்ற கல் பீடங்கள், அபிஷேக நீர் வெளியேறும் வழி எல்லாம் பார்த்தவுடன் பிடிபடும். அதே பள்ளத்தாக்கில் சுங்கை பத்து என்ற இடத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. கடல் கடந்து நம் வணிகர்கள் எதற்காக இவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதற்கு அந்த உலைகளும் ஒரு பதில்.

2013இல் இங்கே ஒரு பழைய கோயிலின் எச்சத்தை வீட்டுமனைக்காக இடித்துத் தள்ளினார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. போய்ப் பாருங்கள். ஆள் வரும் இடத்தை இடிக்க யோசிப்பார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெண்: என் தாத்தா ‘ரஜுலா’ கப்பலில் பினாங்குக்குப் போனவர். அவர் இறங்கிய இடத்தை நான் பார்க்க முடியுமா?

முடியும். பினாங்கில் பல பாய்ப்படகுகள் நங்கூரம் போடும் இடம் ஜெரஜாக் தீவுக்கும் பினாங்குக்கும் நடுவிலுள்ள கால்வாய். அந்த ஜெரஜாக்கில்தான் தொழுநோயாளர் குடியிருப்பும், கப்பலில் வந்த கூலித் தொழிலாளர்களைத் தடுத்துவைத்த நோய்க்காப்பு முகாமும் இருந்தன. பிற்காலத்தில் அது சிறைத் தீவாக 1993 வரை நடந்தது. தோட்டங்களுக்கு வந்த தமிழர் பலருக்கு மலாயா மண்ணில் முதல் இரவுகள் அங்கேதான். இப்போது மரங்கள் மூடிக்கிடக்கின்றன. படகிலிருந்தே தீவு முழுக்கத் தெரியும்.

பிறகு ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவுக்குப் போங்கள். 1800களின் தொடக்கத்தில் கட்டிய நாகூர் தர்கா, உங்கள் ஊர் ஆண்டவரின் பெயரிலேயே, சின்னஞ்சிறியதாக நிற்கிறது. நடக்கிற தூரத்தில் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முகைதீன் எழுப்பியது. குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோயில். தாத்தா இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் வாசலில் நின்றிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தைப்பூசத்தை ஒட்டிப் போனால் வெள்ளித் தேருக்கு முன்னால் தெருவில் தேங்காய் மலைபோலக் குவிந்து உடைபடும். உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம்.

கொழும்பிலிருந்து ஒரு புகைப்படக்காரர்: சியூ ஜெட்டியில் வீடுகளைப் படமெடுக்கலாமா?

ஜார்ஜ் டவுன் கரையில் கடலுக்குள் கால் ஊன்றிய அந்த மரவீடுகளில் சியூ குலத்தார் இன்றும் குடியிருக்கிறார்கள். அவர்களோடு லிம், டான், லீ, இயோ என்று குலத்துக்கொரு ஜெட்டி, அதாவது படகுத்துறை. பலகைப் பாதையைப் படமெடுங்கள். திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். மாலை ஐந்து மணிக்குமேல் கூட்டம் குறைந்ததும் போங்கள், வயதானவர்கள் வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள்.

போக வேண்டிய நாளென்றால் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு. நள்ளிரவில் ஒன்பதாம் நாள் பிறக்கும்போது ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் விண்ணரசருக்கு நீண்ட மேசைகளில் படையல் வைப்பார்கள். இரண்டு பக்கமும் முழுக் கரும்பு கட்டியிருக்கும். எதிரிகளுக்குத் தப்பி அவர்கள் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து பிழைத்தார்களாம். அந்த நன்றிக்காகத்தான் கரும்பு.

சேலத்திலிருந்து ஒரு தம்பதி: பங்கோரைப் பலர் விட்டுவிட்டுப் போகிறார்களே?

விட்டுவிடாதீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை தீவின் மேற்கு விரிகுடாக்களில் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். சாயங்காலம் இருவாச்சிப் பறவைகள் தெலுக் நீப்பாவுக்கு வந்து மரத்தில் உட்காரும். கிழக்குப் பக்கம் மீனவர் குடியிருப்புகள், நெத்திலி காயும் களங்கள், மரப்படகு கட்டும் பட்டறைகள். 1670இல் டச்சுக்காரர்கள் ஈயம் சேமிக்கக் கட்டிய சிறு கோட்டை தெலுக் கெடோங்கில் இருக்கிறது, அரை மணி போதும். ஆங்கிலேயர் பேராக் மாநிலத்துக்குள் காலூன்றிய 1874 ஒப்பந்தத்துக்கும் இந்தத் தீவின் பெயர்தான்.

எனக்குப் பிடித்தது சுங்கை பினாங் கெச்சிலில் கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயில். மாசி மகத்துக்குப் பெருநிலத்திலிருந்து ஃபெரி ஃபெரியாக மக்கள் வருவார்கள். அன்று உங்கள் படகை ஃபெரி வழியிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டு டிங்கி என்ற சிறு துணைப்படகில் கரைக்குப் போங்கள்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: கிள்ளான் துறைமுகத்தில் நிறுத்தினால் பத்துமலையா?

பத்துமலையை விமானத்தில் வந்தாலும் பார்க்கலாம். படகில் வந்த நீங்கள் கேரித் தீவுக்குப் போங்கள். அங்கே மா மெரி என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். சதுப்பு நிலத்து நீரி மரத்தின் வைரம் பாய்ந்த கட்டையைச் செதுக்கி மூதாதை ஆவிகளின் முகமூடிகளைச் செய்வார்கள். நீப்பா பனை ஓலையில் அவர்கள் மடிக்கும் அலங்காரங்களும் அருமை. வாங்குவதானால் செதுக்கியவரிடமே வாங்குங்கள், இது எந்த மூதாதை என்று கேளுங்கள். பொருளைவிடக் கதை நீளம்.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: மலாக்கா செட்டிகள் எங்கள் நகரத்தார்தானா?

இல்லை. நகரத்தார் மலாயாவுக்கு வந்தது ஆங்கிலேயர் காலத்தில். மலாக்கா செட்டிகள் 15ஆம் நூற்றாண்டில், மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வந்து தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுப்பது சாரோங் கைலியும் கெபாயா மேல்சட்டையும், கும்பிடுவது சிவனையும் பிள்ளையாரையும் மாரியம்மனையும். 1511இல் போர்த்துக்கீசியர், 1641இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறியும், தாய்மொழியே கைநழுவிப்போன பிறகும், சாமியையும் படையலையும் விடாமல் பிடித்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய செய்தி இந்தக் கரை முழுக்க எனக்குக் கிடைக்கவில்லை.

டச்சுக்காரர் காலத்தில், 1781இல், கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. அதே தெருவில் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும். குடியிருப்பு காஜா பேராங்கில். போகிக்கு வீட்டுக்குள் வாழை இலையில் முன்னோருக்குப் படைப்பதை அவர்கள் பார்ச்சு என்பார்கள். அது குடும்பச் சடங்கு. அழைப்பில்லாமல் நுழையாதீர்கள். முந்தைய நாட்களில் குடியிருப்புக்குப் போய், அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தைப் பார்த்து, பெரியவர்களோடு பேசுங்கள். கூப்பிட்டால் குளித்துவிட்டு, பழத்தோடு போங்கள்.

படகை மலாக்காவுக்கு எதிரில் ஆழமில்லாச் சேற்றுக்கடலில் விட்டுவிட்டு ஊருக்குள் தங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. போர்ட் டிக்சனிலுள்ள மரினா என்ற படகுத்துறையில் கட்டிவிட்டுத் தரைவழியாகப் போங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு மீனவர் மகன்: மலாக்காவில் போர்த்துக்கீசிய மீனவர்கள் இருக்கிறார்களாமே?

ஊஜோங் பாசிரில் இருக்கிறார்கள். கிறிஸ்தாங் என்ற மொழியைப் பேசும் கத்தோலிக்கர்கள். ஆழமில்லாத நீரில் நடந்தபடியே கழியில் கட்டிய வலையைத் தள்ளிக் கூனிப்பொடி அள்ளுவார்கள். அதை உப்பும் சோறும் சேர்த்துப் புளிக்கவைத்தால் சின்சாலோக். ஜூன் 29 புனித பேதுரு திருநாளில் படகுகளை அலங்கரித்து மந்திரிப்பார்கள். உங்கள் ஊரில் வளர்ந்தவருக்கு அது சொந்தத் திருவிழாவாகவே இருக்கும். ஆனால் அது சுமத்ரா சூறைக் காலம், ஆகவே பேருந்தில் போவது நல்லது. கடலை மண்போட்டு நிரப்பும் வேலைகளால் அவர்கள் தொழில் நொடித்துவருகிறது. போனால் அவர்கள் கடைகளில் சாப்பிடுங்கள்.

கோவையிலிருந்து ஒரு பெண்: கணவன் மனைவி இருவராக மட்டும் போவதில் சிரமம் உண்டா?

வசதிதான் அதிகம். இருவராக வந்தால் ஊரார் பயப்படுவதில்லை. அவரை மீனவர்கள் எஞ்சின் பார்க்கக் கூப்பிடுவார்கள், என்னைப் பெண்கள் அடுப்படிக்குக் கூப்பிடுவார்கள். மலாய் கிராமங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள். கடற்கரை உடையோடு டிங்கியிலிருந்து நேராகக் கடைக்குப் போகக்கூடாது. நோன்பு மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் அவர்கள் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது மரியாதை. மாலையில் நோன்புச் சந்தை களைகட்டும், அப்போது வயிறாரச் சாப்பிடலாம்.

ஈப்போவிலிருந்து ஒருவர்: சிங்கப்பூர் வரை நீட்டிக்கலாமா?

நேரம் மிஞ்சினால் போங்கள். மிஞ்சாவிட்டால் அந்த நாட்களைப் பங்கோருக்குக் கொடுங்கள்.