கீட்டோ உணவுமுறை முழங்கால் வலியைக் குறைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 49. உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ. இரண்டு ஆண்டுகளாக மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. அந்தக் காலத்தில்தான் எடையும் ஏறியது, முழங்கால் வலியும் தொடங்கியது. படி இறங்கும்போது உயிர் போகிறது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடிவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் சர்க்கரைக்கு இரண்டு மாத்திரைகளும் சாப்பிடுகிறேன். என்னுடன் பணிபுரிபவர் கீட்டோ உணவுமுறையில் முதல் வாரமே மூன்று கிலோ குறைந்து, முழங்கால் வலியும் விட்டுப்போனதாகச் சொல்கிறார். நானும் தொடங்கலாமா? கொலாஜன் பவுடரும் சேர்த்துச் சாப்பிட வேண்டுமா?

பதில்: தொடங்கலாம், ஆனால் நாளைக் காலையிலிருந்து அல்ல. உயரத்தையும் எடையையும் துல்லியமாக எழுதிய நீங்கள், மாத்திரைகளின் பெயரை எழுதவில்லை. என் பதிலில் பாதி அந்தப் பெயர்களைப் பொறுத்தது. ஆகவே அங்கிருந்தே வருகிறேன்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். மருந்தின் பெயர் 'ஃப்ளோசின்' என்று முடிகிறதா? டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் ஆகியவை ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, கீட்டோவில் செய்வதுபோல் மாவுச்சத்தை அறவே குறைத்தால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் அளவு மீறி ஏறி ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. கீட்டோஅசிடோசிஸ் எனப்படும் இந்த நிலையில் வழக்கமாக ரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருக்கும். இந்த வகை மருந்து சாப்பிடுபவர்களுக்கோ அது 200-க்குக் கீழேகூட இருக்கலாம். அதனால் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு எல்லாம் வந்த பிறகும், 'சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது' என்று அஜீரணத்துக்கு மருந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். உயிருக்கே உலை வைக்கும் தாமதம் அது. உங்கள் பட்டியலில் இந்த மருந்து இருந்தால், மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றித் தரும்வரை கீட்டோ பேச்சே வேண்டாம்.

கிளிமிபிரைடு, கிளைகிளாசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ என்றால் சிக்கல் வேறு. உணவில் மாவுச்சத்து குறைந்த முதல் நாளிலேயே சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வரலாம். இவற்றின் அளவைத் தொடங்கும் முன்பே குறைக்க வேண்டியிருக்கும். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தக் கவலை மிகக் குறைவு. ரத்த அழுத்த மாத்திரைக்கும் ஒரு கண் வேண்டும். மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் தாழ்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. பழைய அளவு மாத்திரையையே தொடர்ந்தால், நாற்காலியிலிருந்து எழும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். முதல் இரண்டு வாரங்களுக்கு வீட்டிலேயே தினமும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வையுங்கள்.

அடுத்தது உங்கள் வலி. அதை ஒரே வலியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டாகத் தெரிகிறது. படி இறங்கும்போது வரும் முழங்கால் வலி, இந்த வயதிலும் எடையிலும் பெரும்பாலும் மூட்டுத்தேய்மானம் அல்லது முழங்கால் சில்லைச் சுற்றிய கோளாறு. காலை நேர விரல் இறுக்கம் தனிக் கதை. அது அரை மணி நேரத்துக்குள் விட்டுவிட்டால், பெரும்பாலும் தேய்மானமோ மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதையொட்டி வரும் மூட்டு வலியோதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கி, தொட்டால் மெத்தென்று இருந்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். முடக்குவாதத்தை உணவால் ஆற்றப்போகிறேன் என்று காத்திருப்பது, மூட்டு அரிக்கப்படுவதை வேடிக்கை பார்ப்பதாகும். அதற்கு மருந்துகள் இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு மூட்டு தப்பும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எடை ஏறும், உடம்பு வலிக்கும். அதையும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

இனி கீட்டோ. மாவுச்சத்தை நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் அடக்கி, தேவையான ஆற்றலில் முக்கால்வாசியைக் கொழுப்பிலிருந்து எடுப்பதுதான் இது. 1920-களில் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாகப் புகுந்த உணவுமுறை. எடைக் குறைப்புக்காரர்கள் கையில் எடுத்துக்கொண்டது பின்னால்தான். உடலில் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்ததும் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைச் செய்து தருகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்தே இருக்கும். அது கரையும்போது நீரும் போய்விடும். உங்களுடன் பணிபுரிபவர் சொன்ன மூன்று கிலோவை நான் பொய் என்று சொல்லவில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்கிறேன். ஒரு விருந்துக்குப் போய் வந்தால் அதில் பாதி இரண்டே நாளில் திரும்பிவிடும். அப்போது மனம் உடைந்து எல்லாவற்றையும் விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

முழங்காலுக்கு உதவுவது உண்மையில் எது? எடை குறைவதுதான் என்பதே என் கணிப்பு. முழங்கால் தேய்மானமுள்ள பருமனான முதியவர்களிடம் நடந்து, 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை நான்கு கிலோ குறைவதாகக் கணக்கிட்டார்கள். நீங்கள் எட்டு கிலோ குறைத்தால், அடிக்கு 32 கிலோ. 2013-இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வில் 454 பேரை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். உணவையும் உடற்பயிற்சியையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்கள் உடல் எடையில் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைத்தார்கள். வலி ஏறக்குறைய பாதியானது. அவர்கள் உண்டது கீட்டோ அல்ல. கலோரியைக் குறைத்த, மாவுச்சத்து கணிசமாகவே இருந்த உணவு.

கீட்டோன்களே அழற்சியைத் தணிக்கும் என்று படித்திருப்பீர்கள். அழற்சியைத் தூண்டும் ஒரு புரதக் கூட்டமைப்பை ஒரு வகைக் கீட்டோன் அடக்குவதை 2015-இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களின் முழங்காலில், குறைந்த மாவுச்சத்து உணவு வலியைக் குறைத்ததாகச் சொல்லும் ஆய்வு மிகச் சிறியது; இருபது பேர் அளவுதான். சுவையான கருத்து, ஆனால் அதை நம்பி நான் யாருக்கும் உணவு எழுதித் தர மாட்டேன். எடைக் குறைப்பிலும் கீட்டோ தனி அதிசயம் இல்லை. 2018-இல் 609 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. இரண்டு அணியினரிடமும் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் விடச் சொல்லியிருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே உங்களுக்கு என் முதல் பரிந்துரை கண்டிப்பான கீட்டோ அல்ல. மாவுச்சத்தை நாளொன்றுக்கு 100 கிராம் அளவில் நிறுத்துங்கள். சர்க்கரை, இனிப்புப் பானம், பழச்சாறு, நொறுக்குத்தீனி ஆகியவற்றை விட்டாலே பாதித் தூரம் வந்துவிடுவீர்கள். மருந்துச் சிக்கலும் குறைவு, வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடவும் முடியும். ஆனால் சிலருக்குக் 'கொஞ்சமாகச் சாப்பிடு' என்பதைவிட 'தொடவே தொடாதே' என்பது எளிது. கீட்டோவில் பசி அடங்குவதும் பலர் உணர்வது. நீங்கள் அந்த ரகம் என்றால், மருந்துகளைச் சரிசெய்துகொண்டு மூன்று மாதங்களுக்குக் கீட்டோவில் இருந்து பாருங்கள்.

அப்படியானால் ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். மூட்டுவலிக்காகக் கீட்டோ தொடங்குபவர்களிடம் இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. கீட்டோன்களும் யூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் ஒரே வாசல் வழியாக வெளியேறப் போட்டியிடுகின்றன. முதல் சில வாரங்களில் கீட்டோன் முந்திக்கொள்ள, ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறும். ஏற்கெனவே அது கூடுதலாக இருப்பவர்களுக்கு நள்ளிரவில் கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, போர்வை பட்டால்கூடத் தாங்காத அளவுக்கு வலிக்கத் தொடங்கலாம். கவுட் எனப்படும் வாதம் இது. முழங்காலிலும் வரும், வந்தால் 'தேய்மானம் முற்றிவிட்டது' என்று தவறாக நினைக்க இடமுண்டு. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டால் வாய்ப்பு இன்னும் அதிகம். தொடங்கும் முன் யூரிக் அமிலத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிவந்து சூடான மூட்டுடன் காய்ச்சலும் இருந்தால், அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அத்துடன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கொழுப்பு அளவுகள், மூன்று மாதச் சர்க்கரை சராசரி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல், கணைய அழற்சி ஆகியவற்றில் எது முன்பு வந்திருந்தாலும், நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தாலும் கீட்டோவை மறந்துவிடலாம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்? முதலில் புரதம். இந்த வயதில் எடையைக் குறைக்கும்போது கொழுப்புடன் தசையும் கரையும். தசை போனால் முழங்காலைத் தாங்க ஆளில்லை. நாளொன்றுக்கு 75 முதல் 90 கிராம் புரதத்தை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். மாவுச்சத்து குறைந்த காய்கறிகளும் கீரைகளும் தட்டில் பாதி. இவற்றை ஒதுக்குவதால்தான் கீட்டோக்காரர்களுக்கு மலச்சிக்கல் வருகிறது. கொழுப்பை மீன், கொட்டைகள், விதைகள், தாவர எண்ணெய்களிலிருந்து எடுப்பது நல்லது. காபியில் வெண்ணெய் கலந்து குடிப்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எடை குறைக்க வந்தவர் எதற்காக வெண்ணெயைக் குடிக்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் வாரம் தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு வந்தால், அது பெரும்பாலும் உப்பும் நீரும் குறைந்ததன் விளைவு. ரத்த அழுத்தம் உள்ளவர் என்பதால் உப்பை எவ்வளவு கூட்டலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை நீங்களாக வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சில ரத்த அழுத்த மாத்திரைகளுடன் சேர்ந்தால் அது இதயத் துடிப்பையே பாதிக்கும்.

உணவைவிட நான் அதிகம் வற்புறுத்துவது தொடைத்தசையைத்தான். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். பிறகு மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்கி உட்காருங்கள். பயன் இருப்பது அந்த இறக்கத்தில்தான். படி இறங்கும்போது வேலை செய்வதும் அதே தசை. எட்டு முறை முடியாவிட்டால் இருக்கையில் தடித்த தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று நாட்கள் போதும். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை; மறுநாளும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

மூன்று மாத முடிவில் கொழுப்பு அளவுகளை மீண்டும் பாருங்கள். கீட்டோவில் சிலருக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். எகிறிவிடும், அப்படியானால் 'நல்ல கொழுப்பும் ஏறியிருக்கிறதே' என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம், உணவை மாற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்து எடையும் குறைந்திருந்தால், பருப்பு வகைகள், முழுத்தானியம், பழம் என்று வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்து மாவுச்சத்தை 100 கிராமுக்குக் கொண்டு வாருங்கள். அப்போது ஏறும் ஒன்றிரண்டு கிலோ, போன தண்ணீர் திரும்பி வந்ததுதான்.

கொலாஜன் பவுடர் வேண்டாம். வயிற்றுக்குள் போனதும் மற்றப் புரதங்களைப் போலவே அதுவும் செரிமானமாகி உடைபடும். அந்தப் பணத்துக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள். அடுத்து, மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் பற்றிக் கேட்பீர்கள். முழங்கால் தேய்மானத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2019-இல் உறுதியாகவே சொல்லிவிட்டது. அதே அமைப்பு முழங்காலுக்கு வலுவாகப் பரிந்துரைப்பது, டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகளை ஜெல்லாக மேலே தடவுவதை. அதே மருந்தை மாத்திரையாக விழுங்காதீர்கள். கீட்டோவின் முதல் வாரங்களில் உடலில் நீர் குறைந்திருக்கும்போது, ரத்த அழுத்த மாத்திரையும் வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். படி இறங்க வேண்டிய நாளில் ஜெல் தடவிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, வலி கூடுதலான காலை முதலில் கீழே வைத்து இறங்குங்கள்.