தாத்தாவின் கிட்டாரில் துளை போடலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

இலங்கை மலையகத்து டிக்கோயாவிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா துரை பங்களாவில் வேலை பார்த்தவர். 1975இல் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குத் திரும்பிய துரை தன் கிட்டாரைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். இரும்புத் தந்தி போட்டது. இத்தனை வருஷமும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயக் காம்பராவில்தான் தொங்கியது. இப்போது கழுத்து முன்னால் சாய்ந்து, கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் 12ஆவது ஃப்ரெட்டில் தந்தி 7 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. விரலால் அழுத்தவே முடியவில்லை. டவுனில் ரிப்பேர் செய்பவர், கழுத்தில் துளை போட்டு இன்னும் 12 தந்தி சேர்த்து மோகன் வீணை ஆக்கித் தருகிறேன் என்கிறார். எனக்கு ஆசை. அப்பா தொடவே கூடாது என்கிறார். தங்கைக்கோ கிட்டார் பழக வேண்டுமாம். என்ன செய்யலாம்?

வாசகர், டிக்கோயா

அன்புள்ள தம்பி,

துளை போடாதீர்கள். அந்த விஷயத்தில் அப்பா பக்கம்தான் நான். ஆனால் உங்கள் ஆசையும் வீண்போகாது.

இந்துஸ்தானி இசைக் கலைஞர் விஷ்வ மோகன் பட்டின் மோகன் வீணை, ஆர்ச்டாப் கிட்டாரை மாற்றி அமைத்தது. அதன் மேற்பலகை வளைவானது. உங்களுடையது சாதாரணத் தட்டைப் பலகையாகத்தான் இருக்கும். சுருதி சேர்த்த ஆறு இரும்புத் தந்திகளே மொத்தமாக 70 கிலோ அளவுக்கு இழுக்கும். அந்த இழுவையில் நின்று நின்றுதான் கழுத்து சாய்ந்திருக்கிறது. அதன்மேல் இன்னும் 12 தந்தியா? பலகைமேல் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பிய்ந்துகொண்டு வரும். துளைத்த மரத்தை யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தந்தி உயரமாக நிற்பது விரலால் அழுத்தி வாசிப்பவருக்குத்தான் குறை. மடியில் படுக்கவைத்து, தந்திமேல் இரும்புக் கட்டையை வழுக்கி வாசிப்பவருக்கு உயரம்தான் வேண்டும். ஹவாயில் ஜோசப் கெகுகு பரப்பிய முறை அது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். நம்முடைய கோட்டு வாத்தியமும் மெட்டுகள் இல்லாமல், கட்டையை வழுக்கி வாசிப்பதுதானே! கமகம் அதில் எப்படிக் குழைந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்கள் கிட்டார் தானாகவே அந்தப் பக்கம் பாதி தூரம் வந்துவிட்டது.

மீதியை ஒரு சின்னத் துண்டு செய்துவிடும். தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து வரும் சின்னப் பட்டைதான் நட்; அதன்மேல் கவிழ்த்து வைக்கிற உயர நட் உண்டு. எக்ஸ்டென்ஷன் நட் என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் நல்ல தச்சர் ஒருவர் கெட்டி மரத்தில் செய்துவிடுவார். ஒட்டவும் வேண்டாம், ஆணியும் வேண்டாம், தந்தியின் இழுவையே பிடித்துக்கொள்ளும். அங்கே தந்தி ஃப்ரெட் பலகையிலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் போதும். ஆறு தந்தியும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் முக்கியம். இரும்பு அடிமட்டம் ஒன்றைத் தந்திகளின் குறுக்கே நிறுத்தி, பின்னால் டோர்ச் அடியுங்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அந்தத் தந்தி தாழ்ந்திருக்கிறது. பிரிட்ஜில் தந்திகள் படிந்திருக்கும் பட்டையான சாடில் வளைவாக இருந்தால் நேரானது ஒன்று செய்து போடுங்கள். பழையதைச் சீவ வேண்டாம்; பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அதற்கு முன்னால், தந்தியைத் தளர்த்திவிட்டு, பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய கடதாசியை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. முதலில் அதை ஒட்ட வேண்டும். ஈரம் குடித்த பலகை உப்பி, தந்தியை இன்னும் தூக்கிவிடும். ஆடி மழையில் அளந்த 7 மில்லிமீட்டர் மாசி வெயிலில் அவ்வளவு இருக்காது. அப்புறம் அடுப்பு இருக்கும் சுவரில் மாட்டாதீர்கள், பழைய பசை சூட்டில் இளகும்.

சுருதியை தடித்த தந்தியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று வையுங்கள். நம் கணக்கில் ச ப ச க ப ச. வழக்கமான சுருதியிலிருந்து நான்கு தந்தி இறங்குகிறது, எதுவும் ஏறவில்லை. கிழட்டுக் கழுத்துக்கு அது பெரிய ஆறுதல். க அந்தர காந்தாரம் என்பதால் மோகன ராகத்தில் தொடங்கலாம். கரகரப்பிரியா வேண்டுமென்றால் அந்த ஒரு தந்தியை எஃப் ஷார்ப்பிலிருந்து எஃப்புக்கு இறக்கினால் சரி.

அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. மலையகத்து வீடுகளில் தாத்தா காலத்துப் பொருள் ஒன்று மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஒரு டிரங்குப் பெட்டிக்கு மேல் என்ன கொண்டுபோனார்கள்? இருந்தவர்களில் எத்தனை பேர் 1983 கலவரத்தில் எல்லாவற்றையும் தீக்குக் கொடுத்தார்கள்? அதனால்தான் சொல்கிறேன், அடுப்புப் புகை படிந்த கறுப்பைக்கூடச் சுரண்டிப் பாலிஷ் போடாதீர்கள். அது உங்கள் காம்பராவின் புகை. உயர நட்டை அப்பாவின் கண்முன்னால் ஒருமுறை வைத்து, எடுத்துக் காட்டுங்கள். கிட்டாரில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று தெரிந்தால் சம்மதிப்பார்.

தங்கைக்கு இது சரிவராது. சின்ன விரல்களுக்கு நைலான் தந்திக் கிட்டார் ஒன்றைத் தனியாகப் பாருங்கள், பழையதானாலும் பரவாயில்லை. நைலானுக்காகச் செய்த கிட்டாரில் இரும்புத் தந்தி மாட்ட மட்டும் யாரையும் விடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்