வயதான அம்மாவுக்காக வீட்டை ஒட்டி ஒரு ரூம் கட்டலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: எழுபது தாண்டிய அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். அவரை அழைத்து வந்து கூடவே வைத்துக்கொள்ள, வீட்டுப் பக்கவாட்டில் ஒரு ரூம் இழுத்துக் கட்டலாம் என்று யோசிக்கிறார்கள். செலவுக்குத் தகுமா என்று கேட்கிறார்கள்.

வெறும் ரூம் என்றால் தகாது என்பேன். பாத்ரூம், சின்னதாக ஓர் அடுப்பங்கரை, தெருவைப் பார்த்துத் தனி வாசல் எல்லாம் சேர்ந்து ஒரு போர்ஷனாகக் கட்டினால் தாராளமாகத் தகும். நாங்கள் கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே அப்படித்தான் கட்டினோம். அப்பா போன பிறகு அம்மா எட்டயபுரம் பக்கத்தில் கிராமத்து வீட்டில் தனியாக இருந்தார். கூப்பிடும்போதெல்லாம் “பாப்போம்யா” என்று தள்ளிக்கொண்டே போனவர், “ஒனக்குன்னு தனி அடுப்பு, தனிச் சாவி” என்றதும்தான் சம்மதித்தார்.

காரணம் எளிது. அம்மா விடிகாலை நாலரைக்கெல்லாம் எழுந்து கருப்பட்டிக் காப்பி போடுகிறவர். மருமகளின் அடுப்பங்கரையில் அந்த நேரத்தில் பாத்திரம் உருட்ட அவருக்குக் கூச்சம். என் மனைவிக்கும் தன் அடுப்பங்கரையில் இன்னொருவர் கை படுவது பிடிக்காது, யாருக்குத்தான் பிடிக்கும்? ஆறடி நீளத்துக்கு ஒரு மேடை, சிங்க், இண்டக்ஷன் அடுப்பு, அவ்வளவுதான் அம்மா பக்கம். மேடையை வழக்கமாக 33, 34 அங்குல உயரத்தில் போடுவார்கள். அம்மா குள்ளம், அதனால் 30 அங்குலம். கேஸ் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இண்டக்ஷனில் பாத்திரத்தை எடுத்தால் அடுப்பு தானாக நின்றுவிடும், மறதி எட்டிப் பார்க்கிற வயதில் அது பெரிய நிம்மதி. ஆனால் அலுமினியமும் மண்சட்டியும் அதில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு கதவு வைத்தோம். அதன் தாழ்ப்பாள் அம்மா பக்கம் மட்டும். எங்கள் பக்கம் வெறும் கைப்பிடி. அவசரம் என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அம்மாவின் வெளிவாசலுக்கு, உள்ளே பூட்டியிருந்தாலும் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிற பூட்டு. மாற்றுச் சாவி எங்களிடம் இருக்கிறது.

பணத்தை எங்கே கொட்டலாம் என்று கேட்டால், பாத்ரூமில் கொட்டுங்கள். வயதானவர்கள் விழுகிற இடம் அதுதான். கதவு மூன்றடி அகலம் என்றதும் எங்கள் கொத்தனார், “பாத்ரூமுக்கு ரெண்டரையே ஜாஸ்தி சார்” என்றார். இன்று அம்மா நடமாட்டமாக இருக்கலாம். நாளை வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்தால் இரண்டரை அடி நிலைக்குள் நுழைவது கஷ்டம், அப்போது சுவரை இடிக்க வேண்டியிருக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கிற கதவாக இருந்து, உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தைப் போட்டுத் திருப்பித் திறக்கிற வகை இருக்கிறது, ஹார்டுவேர் கடையில் கேட்டால் தருவார்கள். சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் காலியாக வேண்டும், அதனால் நான்குக்கு ஐந்து என்று பெட்டி போலக் கட்டிவிடாதீர்கள்.

பாத்ரூமை ஒரு படி இறக்கிக் கட்டுவது நம் ஊர் வழக்கம். அந்தப் படியே வேண்டாம். தரை ஒரே மட்டமாக வந்து, குளிக்கிற மூலையை நோக்கி மட்டும் வாட்டம் இருந்தால் போதும். டைல்ஸ் காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வாசல் பக்கம் தண்ணீர் வந்தால், கொத்தனார் கூலி முழுதாக வாங்குவதற்கு முன்பே உடைத்துப் போடச் சொல்லிவிடுங்கள். டைல்ஸ் வாங்கப் போகும்போது கடையில் சாம்பிளைத் தரையில் போட்டு, தண்ணீரும் துளி சோப்பும் விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வெஸ்டர்ன் டாய்லெட் சீட் தரையிலிருந்து 18 அங்குலம் இருந்தால் முழங்கால் வலிக்காரர்கள் சிரமமில்லாமல் எழுந்திருக்கலாம். சாதாரணமாகக் கடையில் தருவது அதைவிடத் தணிவு. பிடிகம்பி மாட்டுகிற சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக இருக்கட்டும், எங்கே கம்பி வரும் என்று பூச்சு வேலைக்கு முன்பே குறித்துவிடுங்கள். ரப்பர் உறிஞ்சியால் டைல்ஸில் ஒட்டுகிற கம்பி விற்கிறார்கள். ஆள் எடை முழுவதும் தொங்கினால் அது கையோடு வந்துவிடும். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: குளிக்கிற மூலையில் ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு திண்டு கட்டினோம். வாளி அதன்மேல், அம்மா பக்கத்தில் ஸ்டூலில். குனிந்து மொண்டு ஊற்ற வேண்டியதில்லை. மொத்தக் கட்டடத்திலும் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் திண்டுதான்.

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரியில் நடக்கிற வழியில் எந்தச் சாமானும் இருக்கக் கூடாது. கட்டில் தலைமாட்டில் ஒரு டூ-வே சுவிட்ச், இன்வெர்ட்டர் லைனில் தரையோரம் ஒரு மங்கல் விளக்கு.

வாசல்படியில்தான் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. சக்கரம் ஏற வேண்டுமென்றால் நிலைப்படி இருக்கக் கூடாது என்றார் என்ஜினீயர். “நெலப்படி இல்லாத வீட்டுக்குள்ள லச்சுமி எப்படிய்யா வருவா?” என்றார் அம்மா. கடைசியில் நிலையின் அடிக்கட்டையைத் தரைக்குள் புதைத்து, அரை அங்குலம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி வைத்து, இருபுறமும் சரிவாகச் சீவினார் ஆசாரி. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூச அந்த அரை அங்குலம் போதும், சக்கரமும் ஏறும். மற்ற உள்கதவுகளுக்கு அடிக்கட்டையே கிடையாது.

சாய்தளத்துக்கு இடம் இருக்கிறதா என்பதை முதலிலேயே அளந்துவிடுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. ரோடு போடப் போட உயர்கிறது என்று நாம் பேஸ்மட்டத்தை இரண்டடி, மூன்றடி என்று தூக்குகிறோம். இரண்டடிக்கே 24 அடி நீளம் வேண்டும். எங்களுக்குப் பக்கச் சந்து நீளமாக இருந்ததால் தப்பித்தோம். நீளம் குறைவு என்று செங்குத்தாகப் போட்ட சாய்தளம் படியைவிட ஆபத்து.

ரூம் அளவு 12-க்கு 15 என்று என்ஜினீயர் வரைந்தார். மனையடி சாஸ்திரப்படி இரண்டும் ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டார். 11-க்கு 16 என்றதும் சரி என்றார். 180 சதுர அடி போய் 176 ஆனது, நாலு சதுர அடிக்காக யார் சண்டை போடுவது? பாத்ரூம் 8-க்கு 6. மனையடிக்கும் சரி, சக்கர நாற்காலிக்கும் சரி. உள்ளே குடியிருக்கப் போகிறவருக்கு மனசில் ஒரு நெருடல் இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

தெருப்பக்க ஜன்னலை வழக்கமான மூன்றடியில் வைக்காமல் இரண்டடியில் வைக்கச் சொன்னோம். உட்கார்ந்தால் மட்டுமில்லை, கட்டிலில் படுத்திருந்தாலும் தெரு தெரியும். கிராமத்தில் திண்ணையில் இருந்து போகிற வருகிறவர்களை விசாரித்தே பழகியவருக்கு நாலு சுவரைக் காட்டினால் ஒரே மாதத்தில் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்.

எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பழைய வீட்டின் அஸ்திவாரம் பல வருஷமாக அமுங்கி நிலைத்துவிட்டது, புதுசு இனிமேல்தான் அமுங்கும். அதனால் பழைய சுவரில் பல் உடைத்துப் புதுச் சுவரைக் கோத்துக் கட்டினால் இரண்டாவது மழையில் தரையிலிருந்து கூரை வரை விரிசல் விடும். புது அறைக்கு அண்டர் ரீம்டு பைல் போட்டோம். பன்னிரண்டு அடி ஆழத்தில், குடம் மாதிரி அடியில் அகலும் தூண் அது. ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை. பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, மேலே மழைநீர் இறங்காதபடி தகடு போட்டு மூடினோம். செம்மண், சரளை பூமிக்காரர்களுக்கு பைல் தேவைப்படாமல் போகலாம். ஆனால் அந்த இடைவெளி விட எந்த ஊரிலும் மறக்காதீர்கள்.

அனுமதி விஷயம். நம் வீட்டுக்குள் நாம் கட்டுகிறோம், யார் கேட்பது என்று பலரும் பக்கவாட்டு இடைவெளியை அடைத்துக் கட்டிவிடுகிறார்கள். கூடுதல் கட்டடத்துக்கும் திட்ட அனுமதி வேண்டும், விட வேண்டிய இடத்தை விட்டே ஆக வேண்டும். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. உங்கள் வீட்டில் கூடுதலாக இழுக்கும் பகுதி அதில் வருமா என்று லைசென்ஸ் உள்ள என்ஜினீயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி முடித்ததும் சொத்துவரி கூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

செலவு எங்களுக்குச் சதுர அடிக்கு 2,600 ரூபாய் பக்கம், பைல் தனி. மொத்தம் பத்து லட்சத்தைத் தொட்டது. முழு வீடு கட்டுகிற ரேட்டை வைத்துக் கணக்குப் போட்டால் உதைக்கும். பாத்ரூமும் அடுப்பங்கரையும்தான் எந்த வீட்டிலும் செலவு இழுக்கிற இடங்கள், சின்னக் கட்டடத்தில் பாதி அவைதான்.

இதில் அம்மா தன் பெயரில் இருந்த புஞ்சையில் ஒரு துண்டை விற்று நாலு லட்சம் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “ஓசியில இருக்க மாட்டேன்” என்றார். வாங்குவதற்கு முன் தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் வரவழைத்து, எவ்வளவு, எதற்கு என்று சொல்லி ஒரு காகிதத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். தங்கச்சிக்கு இதில் வருத்தமில்லை, அவள் கேட்டது ஒன்றுதான்: “மதினிக்கு அசதியா இருந்தா நான் வந்து பாத்துக்கிடுவேன், எனக்கும் ஒரு கட்டில் போட எடம் விடுங்க.” விட்டோம்.

பெரும்பாலான வீடுகளில் மனஸ்தாபம் வருவது சுவரால் இல்லை, இந்தக் கணக்கால். அம்மா தன் சொத்துக்கு உயில் எழுதாமல் போனால் இந்து வாரிசுச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அம்மா பெயரில் உள்ள மனையில் நீங்கள் உங்கள் பணத்தைப் போட்டுக் கட்டுவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. நீங்கள் போட்டது எவ்வளவு என்பதற்குக் காகிதம் இல்லாவிட்டால் பின்னால் கோர்ட்டுதான். பேங்க் லோன் எடுத்தாலும் மனைக்கு உரியவர் என்று அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

சில வீடுகளில் இந்தச் சாக்கில் அம்மாவின் வீட்டையே மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வாங்கிவிடுகிறார்கள். அப்படி எழுதுவதாக இருந்தால், அம்மாவைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, கவனிக்காத பிள்ளைக்கு எழுதிய பத்திரத்தைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்க முடியும். இதைப் பிள்ளைகள்தான் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும், அம்மாக்கள் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள்.

கிராமத்து வீட்டை உடனே விற்காதீர்கள். ஒரு வருஷமாவது பூட்டிக் கிடக்கட்டும். திரும்பிப் போக ஒரு இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவர்கள் இங்கே வந்து காலூன்றுகிறார்கள். எங்கள் அம்மா ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய் வீட்டைத் திறந்து சுத்தம் செய்து, கும்பிட்டுவிட்டு வருகிறார்.

எப்போது ஆரம்பிப்பது என்றால், ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுங்கள். கரிசல் ஈரத்தில் மண்ணைத் தொட முடியாது. தளம் போட்ட பிறகு தண்ணீர் கட்டி நிறுத்தக் கோடையில் தண்ணீர் லாரிக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். எப்படியும் ஆனிக்குள் முடித்துவிடுங்கள். ஆடியில் பால் காய்க்க அம்மா சம்மதிக்க மாட்டார், ஆவணி வரை எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.