சக்கர நாற்காலியில் அம்மா, கூடவே இரண்டு பிள்ளைகள்: வந்தாறுமூலை வளாகத்துக்கு எந்நேரம் போகலாம்?

களுவாஞ்சிகுடி வாசகி ஒருவரின் கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. மூட்டுத் தேய்வு, சீனி வருத்தம் இரண்டும் உண்டு. கொஞ்சத் தூரம் என்றாலும் சக்கர நாற்காலிதான். ஏப்ரல் விடுமுறையில் அவரையும் 6, 9 வயதுப் பிள்ளைகளையும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தின் மரங்களையும் தோட்டத்தையும் பார்க்கக் கூட்டிப்போக ஆசை. மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம் வரை இருக்கலாமா?

கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆனால் மத்தியானமும் பின்னேரமும் வேண்டாம். காலை 7.30க்கு உள்ளே போய் 10 மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் காலைச் சாப்பாட்டைக் கட்டுங்கள்.

ஏப்ரல் 10ஆம் திகதியை ஒட்டி மட்டக்களப்பில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. வெயிலின் கடுமை போக, அது இடிமழைக் காலமும்கூட. காலையில் தெளிந்திருக்கும் வானம் பிற்பகல் 2, 3 மணிக்குக் கறுத்து மின்னத் தொடங்கிவிடும். மரங்கள் நிறைந்த திறந்த வெளியில் சக்கர நாற்காலியோடு அகப்பட்டால் விரைவாக ஒதுங்க முடியாது. எந்நேரமானாலும் இடி கேட்டால் மரத்தடியில் நிற்காமல் கட்டடத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக்கூடாது.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் மரத்தின் அடியில் பாயை விரித்துவிட்டு, வெயில் முகத்தில் அடிக்கிறதே என்று இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். காலை 7.30க்கு வெயில் சாய்வாக வருவதால் உயர்ந்த மரத்தின் அடிப்பகுதியில் நிழல் இருக்காது. அது மேற்கே தள்ளி, மர உயரத்தின் இரண்டரை மடங்கு தூரம்வரை விழும். 9 மணியளவில் நிழலின் நீளமும் மரத்தின் உயரமும் ஏறக்குறைய ஒன்றாகும். பத்தரைக்கு அது உயரத்தில் பாதிக்கும் குறைவு. ஆகவே மரத்துக்கு மேற்குப் பக்கம் இருந்து, அரை மணிக்கு ஒருமுறை அடிமரத்தை நோக்கி நகருங்கள். தென்னையின் கீழும் பட்ட கிளை தொங்கும் மரத்தின் கீழும் அம்மாவை இருத்தவே வேண்டாம். மேலே குளவிக் கூடோ தேன்கூடோ இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள்.

9 வயதுப் பிள்ளைக்கு இதையே விளையாட்டாக்கலாம். ஒரு மீற்றர் தடியை நேராக நிறுத்தி, அதன் நிழலும் ஒரு மீற்றர் ஆகும் நேரத்தில் மரத்தின் நிழலை அளந்தால் மரத்தின் உயரம் கிடைத்துவிடும்.

போவதற்கு முன் பதிவாளர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுங்கள். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கல்வி நிலையம் இது. மாநகர சபைப் பூங்காபோல் நினைத்த நேரம் நுழைய முடியாது. அந்த நாளில் வெளியாரை அனுமதிப்பார்களா, வேன் எதுவரை உள்ளே போகலாம், சக்கர நாற்காலி நுழையக்கூடிய மலசலகூடம் எங்கே என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மலசலகூடம் எங்கே என்று தெரியாவிட்டால் வயதானவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். மயக்கம் அதில்தான் தொடங்கும். புத்தாண்டை ஒட்டிய நாட்களில் போகாதீர்கள். போகும்போது தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

வந்தாறுமூலை மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீற்றர், திருகோணமலை வீதியில் இருக்கிறது. களுவாஞ்சிகுடியிலிருந்து காலை 6 மணிக்கே புறப்பட வேண்டும். பஸ்ஸில் நாற்காலியை ஏற்றி இறக்குவது சிரமம், வேனே நல்லது.

இங்கே ஒரு கவனம். சாப்பாட்டுக்கு முன் எடுக்கும் இன்சுலினையோ மாத்திரையையோ வீட்டில் கொடுத்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு கொடுத்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். மருந்தையும் கையோடு கொண்டுபோய்ச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது கொடுங்கள். இன்சுலினை வேனின் சூட்டில் விடாமல் குளிர்ப் பையில் வையுங்கள். கை நடுக்கம், திடீர் வியர்வை, தடுமாற்றம் தெரிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மாறவில்லையென்றால் திரும்பவும் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயால் எதையும் கொடுக்கக்கூடாது. 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

நாற்காலியின் காற்றுச் சக்கரங்களை முதல் நாளே பாருங்கள். காற்றுக் குறைந்தால் தள்ளுபவரின் இடுப்புத்தான் பதில் சொல்லும். மணலில் முன் சின்னச் சக்கரங்கள் புதைந்து நாற்காலி முன்னே கவிழப் பார்க்கும். அப்போது முன்னுக்குத் தள்ளாமல் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள். படிவிளிம்பில் ஏறும்போது முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஏற்றுங்கள். இறங்கும்போது நீங்கள் முதலில் இறங்கி, பெரிய சக்கரம் முன்னதாக வரும்படி பின்பக்கமாக இறக்குங்கள். ஒரு மீற்றர் உயர்வுக்கு 12 மீற்றராவது நீளமில்லாத சரிவு என்றால் வேறு பாதை தேடுவது நல்லது. நிறுத்திய உடனே இரண்டு பிரேக்கையும் போடுங்கள். அம்மா எழும்பும்போது கால்பலகையை மடித்துவிடுங்கள், அதில் மிதித்து எழும்பினால் நாற்காலி கவிழ்ந்துவிடும்.

காலையில் டெங்கு நுளம்பு கடிக்கும், பிள்ளைகளுக்கு நீளக் கையும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். செடிவேலிக்குள் பந்து விழுந்தால் கையை விட வேண்டாம், தடியால் தட்டி எடுங்கள்.

எல்லாவற்றையும்விட 6 வயதுப் பிள்ளையின் பொக்கற்றைப் பாருங்கள். அழகுக்காகத் தோட்டங்களில் வளர்க்கும் மஞ்சள் அலரியின் காய் பச்சையாக இருந்து கறுக்கும். உள்ளே முக்கோண வடிவில் கொட்டை இருக்கும். பிள்ளைகள் விளையாடப் பொறுக்குவார்கள். அது இதயத் துடிப்பைக் குழப்பும் நஞ்சு, சின்னப் பிள்ளைக்கு ஒரு கொட்டையே ஆபத்து. கடித்ததாகச் சந்தேகம் வந்தாலும் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், அறிகுறிக்காகக் காத்திருக்காமல், மீதிக் காயையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வந்தாறுமூலையிலிருந்து நகரை நோக்கிப் போகும் வழியில் ஏறாவூர் ஆதார வைத்தியசாலை இருக்கிறது.