வாசகர் கேள்வி – பதில்: தாக்கும் முன் ஐயப்பட யாருக்கு நேரம் இருக்கிறது?

ட்ரோன்களும் செயற்கை நுண்ணறிவும் போரையும் போர்ச் சட்டத்தையும் எப்படி மாற்றுகின்றன என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: ட்ரோனின் கேமராவில் ஆளின் நடமாட்டம்கூடத் தெளிவாகத் தெரியும் என்கிறார்கள். அப்படியென்றால் பழைய குண்டுவீச்சைவிட இதில் பொதுமக்கள் குறைவாகத்தானே இறக்க வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: நகரம் முழுவதையும் எரித்த இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சோடு ஒப்பிட்டால் நீங்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் தெளிவாகத் தெரிவதால் மட்டும் பார்ப்பவர் சரியாகப் புரிந்துகொள்வார் என்று சொல்லிவிட முடியாது. இதற்கு 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் நடந்ததைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அமெரிக்கப் படைகள் ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மூன்று நாட்களுக்கு முன்புதான் விமான நிலைய வாயிலில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் 13 அமெரிக்கப் படையினரும் அவர்களைவிடப் பல மடங்கு ஆப்கானியரும் கொல்லப்பட்டிருந்தனர். அடுத்த தாக்குதல் எந்நேரமும் வரலாம் என்ற அச்சத்தில், ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலா காரை ஏறத்தாழ எட்டு மணி நேரம் வானிலிருந்து பின்தொடர்ந்தார்கள். அதை ஓட்டியவர் ஓர் அமெரிக்க உதவி நிறுவனத்தின் ஊழியர். அவர் காரில் ஏற்றிய தண்ணீர் கேன்கள் வெடிபொருளாகத் தோன்றின; அவர் சென்ற இடமெல்லாம் சதியின் கண்ணிகளாகத் தோன்றின. கார் வீட்டு முற்றத்தில் நுழைந்ததும் ஹெல்ஃபயர் ஏவுகணை பாய்ந்தது. இறந்த பத்துப் பேரில் ஏழு பேர் குழந்தைகள். நியாயமான தாக்குதல் என்று முதலில் சொன்ன ராணுவத் தலைமை, செப்டம்பர் 17 அன்று அது பெருந்தவறு என்று ஒப்புக்கொண்டது. பின்னர் நடந்த விசாரணையில், ஏவுகணை ஏவப்படுவதற்கு இரண்டு நிமிடங்களுக்கு முன்பே காணொளியில் ஒரு குழந்தை தெரிந்தது என்பதும் வெளிவந்தது. படம் இருந்தது, அதில் குழந்தையும் இருந்தது, ஆனால் பார்த்தவர்கள் ஏற்கெனவே முடிவுக்கு வந்துவிட்டிருந்தார்கள். அதற்காக எவரும் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தார்கள்.

போர்ச் சட்டத்தின் அடிப்படையான ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறை இந்த இடத்துக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. ஒருவர் போராளியா, பொதுமகனா என்ற ஐயம் எழுந்தால் அவரைப் பொதுமகனாகவே கொள்ள வேண்டும் என்கிறது அதன் 50ஆம் பிரிவு. தாக்குதலைத் திட்டமிடுபவரும் முடிவெடுப்பவரும் இலக்கு எதுவென்று உறுதிப்படுத்த இயன்ற அனைத்தையும் செய்ய வேண்டும் என்கிறது 57ஆம் பிரிவு. அமெரிக்காவும் இந்தியாவும் இந்த நெறிமுறையில் சேரவில்லை என்றாலும், போரிடுவோரையும் போரிடாதோரையும் பிரித்தறியும் கடமை எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் என்று பன்னாட்டு நீதிமன்றம் 1996இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உக்ரைனின் கெர்சான் பகுதியில் சிறிய ட்ரோன்களை இயக்கிய ரஷ்யத் தரப்பினர், திரையில் பொதுமக்களைப் பார்த்த பிறகே அவர்களைத் துரத்தித் தாக்கினார்கள் என்றும், அது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றும் ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதம் முடிவு செய்தது. காபூலில் நடந்தது தவறு. கெர்சானில் நடந்தது வேட்டை. இரண்டிலும் கேமரா நன்றாகவே வேலை செய்தது.

கேள்வி: இலக்கைக் கணினி பரிந்துரைக்கட்டும், கடைசி ஒப்புதலை மனிதர் தந்தால் போதாதா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: போதும் என்று பல அரசுகள் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒப்புதல் தரும் மனிதருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, திரையில் அவருக்கு எது காட்டப்படுகிறது என்பவை தெரியாத வரை அந்த ஒப்புதலுக்கு மதிப்பே இல்லை.

1988 ஜூலை 3 அன்று ஹார்முஸ் நீரிணையில் அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ், துபாய் நோக்கிப் பறந்த ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். அக்கப்பலின் ஏஜிஸ் கணினி, விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்றே சரியாகப் பதிவு செய்திருந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அது தங்களை நோக்கி இறங்குகிறது என்று நம்பினார்கள். அதே நேரத்தில் கப்பல் ஈரானியப் படகுகளோடு மோதலில் இருந்தது. விமானம் கிளம்பியதிலிருந்து ஏவுகணை பாய்ந்தது வரை எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

2003 மார்ச் 23 அன்று குவைத் எல்லையருகே இது தலைகீழாக நடந்தது. தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் டொர்னாடோ போர் விமானத்தை எதிரியின் ஏவுகணை என்று அமெரிக்காவின் பேட்ரியாட் வான்பாதுகாப்பு அமைப்பு வகைப்படுத்தியது. இயக்கியவர்களுக்கு முடிவெடுக்க ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் இருந்தது. இயந்திரம் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள்.

முதல் நிகழ்வில் இயந்திரம் சரி, மனிதர் தவறு. இரண்டாவதில் இயந்திரம் தவறு, அதைத் திருத்த வேண்டிய மனிதரால் முடியவில்லை. யாரை நம்புவது என்ற வாதத்தை இவை தீர்த்துவைக்காது. இரண்டிலும் இல்லாமல் போனது ஐயத்தைச் சரிபார்ப்பதற்கான நேரம் என்பதே நான் கவனிக்கச் சொல்வது.

இப்போது காசாவுக்கு வருவோம். லாவெண்டர் என்ற கணினி அமைப்பு ஆயிரக்கணக்கானோரைத் தாக்குதலுக்குரியவர்களாகக் குறித்தது என்றும், அதிகாரிகள் ஒவ்வொரு பெயருக்கும் 20 வினாடி அளவே செலவிட்டார்கள் என்றும் 'பிளஸ் 972' என்ற இதழ் 2024 ஏப்ரலில், இஸ்ரேலிய உளவுப் பிரிவினர் சிலரின் கூற்றுகளை வைத்து எழுதியது. இஸ்ரேல் ராணுவம் இதை மறுத்தது; அது வெறும் தரவுத்தளம், ஒவ்வொரு இலக்கையும் ஆய்வாளர்கள் தனியே ஆராய்கிறார்கள் என்றது. அந்த மறுப்பை ஒதுக்கிவிட்டுப் பேசுவது முறையாகாது. எந்த நாட்டின் படையாக இருந்தாலும், 20 வினாடிக்குள் ஒருவரின் பெயர், வீடு, அப்போது அந்த வீட்டில் இருப்பவர்கள் ஆகிய எதையும் உறுதிப்படுத்த முடியாது. அங்கே 57ஆம் பிரிவு சொல்லும் கடமை நிறைவேறவில்லை என்றே கொள்ள வேண்டும். இயந்திரம் எவ்வளவு விரைவாக இலக்குகளைத் தருகிறதோ, அவ்வளவு விரைவாக ஒப்புதல் தர வேண்டிய நெருக்கடியும் கூடுகிறது. இந்தத் தொழில்நுட்பத்தில் நான் மிகவும் அஞ்சுவது அதைத்தான்.

கேள்வி: புறநானூற்றிலேயே போருக்கு முன் எச்சரிக்கை விடும் அறம் இருக்கிறது. இன்று துண்டறிக்கை போடுவதும் தொலைபேசியில் எச்சரிப்பதும் அதே அறம்தானே? (மதுரை வாசகர்)

பதில்: பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய ஒன்பதாம் பாட்டைச் சொல்கிறீர்கள். பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், நோயாளிகள், புதல்வரைப் பெறாதோர் ஆகியோரை, அம்பு விடப்போகிறோம், உங்கள் அரணுக்குப் போய்விடுங்கள் என்று அது எச்சரிக்கிறது. அந்தப் பட்டியலில் இடம்பெறாத உழவனும் கொல்லனும் என்ன ஆனார்கள் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் அந்தப் பாட்டில் போய்ச் சேர ஓர் அரண் இருக்கிறது.

2023 அக்டோபர் 13 அன்று வட காசாவில் இருந்த ஏறத்தாழ 11 லட்சம் மக்களை 24 மணி நேரத்துக்குள் தெற்கே போகச் சொன்னபோது, செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளை எங்கே கொண்டுபோவது என்று மருத்துவர்கள் கேட்டார்கள். எச்சரிக்கை பயன் தரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்ட பின்னும் வெளியேற முடியாமலோ வெளியேற மனமின்றியோ தங்கிவிட்டவர் பொதுமகனாகவே நீடிக்கிறார். அவர் மீதான கடமையை எச்சரிக்கை தீர்த்துவிடுவதில்லை.

கேள்வி: மிதிவெடியோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். தானாகக் கொல்லும் இயந்திரங்களைத் தடை செய்ய முடியும் என்று நம்புகிறீர்களா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதிலின் பாதி இருக்கிறது. யார் என்று பாராமல், எவர் கட்டளையும் இல்லாமல், காலின் எடை பட்டதும் வெடிக்கும் மிதிவெடிதான் தானாக இலக்கைத் தாக்கும் ஆயுதங்களில் உலகம் நன்கறிந்தது. இலங்கையின் வடக்கே முகமாலையில், உள்நாட்டுப் போரின் முன்னரங்கு இருந்த நிலத்தில், போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும், முகக்கவசம் அணிந்த பெண்கள் மண்ணைக் கைவாரியால் மெல்ல மெல்லச் சுரண்டி வெடிகளைத் தேடினார்கள். உலோகம் மிகக் குறைவாக உள்ள பிளாஸ்டிக் வெடிகளும் இருக்கக்கூடும் என்பதால், உலோகத்தைக் காட்டும் கருவியின் ஒலியை மட்டும் நம்பி நடக்க முடியாது. புதைக்கச் சில வினாடி. எடுக்கப் பல ஆண்டுகள்.

1997இல் கையெழுத்தான ஒட்டாவா உடன்படிக்கை இந்த ஆயுதத்தைத் தடை செய்தது. 160க்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்களோ போர்க்களத்தில் பரவும் முன்பே, 1995இல் தடை செய்யப்பட்டன. ஆகவே முடியாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் 2025இல் லிதுவேனியா, லாட்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை ரஷ்ய அச்சத்தைக் காரணம் காட்டி ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலக முடிவெடுத்தன. அவர்கள் அச்சம் பொய்யானது அல்ல. எனினும் அந்த வெடிகளை ஒருநாள் மிதிக்கப்போவது யார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தன்னியக்க ஆயுதங்கள் பற்றி 2014 முதல் ஜெனீவாவில் பேசுகிறார்கள். அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இதைப் பற்றிய தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. ஜெனீவாவிலேயே பேசலாம் என்ற நிலைப்பாட்டில் இருந்த இந்தியா எதிர்த்து வாக்களித்தது. ஓர் இந்தியனாக அந்த வாக்கு எனக்கு மன வருத்தம் தந்தது.

கேள்வி: கணினிப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ராணுவ ட்ரோன் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சேருவது அறமாகுமா? (கோவை மாணவி)

பதில்: சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஊர்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அமைத்துவரும் மாநிலத்தில் இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் எழவில்லை. தாக்கப்படும் நாடு தன்னைக் காத்துக்கொள்வதை ஐ.நா. சாசனம் உரிமையாக ஏற்கிறது. அதற்குக் கருவி செய்வது இழிவான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். சேரக் கூடாது என்று முடிவெடுப்பவர்களையும் மதிக்கிறேன். அமெரிக்க ராணுவத்தின் ட்ரோன் காணொளிகளை ஆராயும் மேவன் திட்டத்தை எதிர்த்து 2018இல் கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டபோது, அந்த ஒப்பந்தத்தை நிறுவனம் புதுப்பிக்கவில்லை.

நீங்கள் சேருவதாக இருந்தால், கருவியைப் பற்றிச் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இலக்கு என்று காட்டும் மென்பொருள், அது இலக்காக இல்லாமல் இருக்கலாம் என்பதற்கான தடயங்களையும் அதே திரையில் காட்டுகிறதா? யார், எப்போது, எதைப் பார்த்து ஒப்புதல் தந்தார் என்பது பின்னர் அழிக்க முடியாதபடி பதிவாகிறதா? பாய்ந்த பின்னும் கடைசி நொடியில் திருப்ப வழி உண்டா? புதிய ஆயுதம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று ஆராய வேண்டும் என 1977 நெறிமுறையின் 36ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி ஓர் ஆய்வு நடந்ததா, அதில் பொறியாளர்கள் கேட்கப்பட்டார்களா?

இவற்றையெல்லாம்விட முதன்மையான கேள்வி சமிக்ஞை பற்றியது. உக்ரைனில் இரு தரப்பும் ஜாமர்களால் ட்ரோன்களின் வானொலித் தொடர்பை அறுக்கின்றன. அதற்கு மாற்றாகச் சிலர் ஒளியிழைக் கம்பியோடு ட்ரோனைப் பறக்கவிடுகிறார்கள். வேறு சிலர் தொடர்பு அறுந்த பின் கருவி தானாகவே இலக்கைத் தொடரும்படி நிரல் எழுதுகிறார்கள். மனிதர் முடிவெடுத்த இடத்துக்கு இயந்திரம் வருவது பெரும்பாலும் கொள்கை அறிவிப்பின் வழியாக நடப்பதில்லை. தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்று ஒரு பொறியாளர் எழுதும் சில வரிகளின் வழியாக நடக்கிறது. உங்கள் நிறுவனத்தின் ட்ரோன் அந்த நிலையில் திரும்பி வருமா, தரையிறங்குமா, தாக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்.