1,450 இருக்கைகளும் ஒரு வட்டிக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தெற்கு வேல்ஸின் தொழில் நகரங்களைப் பற்றி எழுதும்போது, ஸ்வான்சீயை ஒட்டிய மொரிஸ்டனில் உள்ள டாபர்னாக்கிள் சபையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். படத்தில் பார்த்தால் பேராலயம் போல நிற்கிறது. செம்பு உருக்கியவர்களும் தகரத் தகடு அடித்தவர்களும் இதை எப்படிக் கட்டினார்கள்? ஆலை முதலாளிகளின் பணமா? இன்று இத்தகைய சபைகள் பல பூட்டிக் கிடக்கின்றன. நம்பிக்கை தேய்ந்ததாலா, வெல்ஷ் மொழி தேய்ந்ததாலா?

ச.

அன்புள்ள ச.,

பேராலயம் என்றால் அதில் பிஷப்பின் ஆசனம் இருக்கவேண்டும். இவர்களுக்கு பிஷப்பே கிடையாது. ‘வெல்ஷ் இணங்கா மரபின் பேராலயம்’ என்று அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, அதில் கொஞ்சம் கேலியும் இருக்கிறது. அரசுத் திருச்சபைக்கு இணங்க மறுத்துப் பிரிந்தவர்களில் இவர்கள் ‘அனிபின்வீர்’, அதாவது சுயேச்சைச் சபையார். ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்தெடுக்கும், தானே சம்பளம் கொடுக்கும், கட்டடக் கடனையும் தானே சுமக்கும். மேலே கைகொடுக்க யாரும் இல்லை. உங்கள் கேள்விகளுக்கான விடை கோபுரத்தில் இல்லை, இந்தக் கணக்கில் இருக்கிறது.

மொரிஸ்டன் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்பு ஆலைக்காரரான ஜான் மொரிஸ் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய ஊர். தெருக்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவர் வில்லியம் எட்வர்ட்ஸ். பொன்டிப்ரித்தில் ஒரே வளைவில் பாலம் கட்டிப் புகழ்பெற்றவர். அவரே ஒரு சுயேச்சைச் சபைப் போதகர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாபர்னாக்கிள் 1870இல் தொடங்கி 1872இல் முடிந்தது. உள்ளூர்க்காரரான ஜான் ஹம்ப்ரி வரைந்தார். செலவு ஏறத்தாழ 15,000 பவுன், இருக்கைகள் 1,450.

முதலாளி பணம் இந்த மரபுக்குப் புதிதல்ல. பல சபைகளில் ஆலை மேலாளர்களே டீக்கன்களாக, அதாவது சபையை நிர்வகிக்கும் பொறுப்பாளர்களாக இருந்தார்கள். ஆனால் வழக்கமான முறை வேறு: சொத்து டிரஸ்டிகள் பெயரில் இருக்கும், அதன்மேல் அடமானக் கடன் வாங்குவார்கள், வட்டியை வாரக் காணிக்கையும் இருக்கை வாடகையும் தாங்கவேண்டும். ஆம், பெஞ்சில் உட்காரும் இடத்துக்கு வாடகை உண்டு. ஒரு பேச்சுக்கு, 10,000 பவுன் கடன், 5 சதவீத வட்டி என்று வையுங்கள். ஆண்டுக்கு 500 பவுன். 1,450 இருக்கைகளும் நிரம்பினால் தலைக்கு ஏழு ஷில்லிங்கைக்கூடத் தொடாது (அன்று ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங்). பாதி காலியானால் பதினான்கு. அசல் அப்படியே இருக்கும்.

யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை ‘அத்ரோதியாத்’ என்ற ஆண்டறிக்கையில் பெயர் போட்டு அச்சிடுவார்கள். பெயருக்கு நேரே வெற்றிடம் விழுந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். பக்தியைவிட இந்த அச்சுத்தாள்தான் பல கடன்களை அடைத்தது என்பது என் கணிப்பு.

அத்தனை இருக்கைகள் ஏன்? அங்கத்தினர் வேறு, ‘குரந்தவ்வீர்’ வேறு. திருவிருந்தில் பங்குபெறுபவர் அங்கத்தினர். சேராமலே வந்து பிரசங்கம் மட்டும் கேட்பவர் குரந்தவ்ர், கேட்போர். சபைப் பதிவேட்டை மட்டும் பார்த்து வருகையைக் கணக்கிட்டால் தப்பாகிவிடும். உட்கார இவர்களுக்கும் இடம் வேண்டும், வாடகை இவர்களிடமும் வரும். கட்டட அமைப்பும் கேட்பதற்காகவே. பலிபீடம் இல்லை. நடுவில் உயர்ந்த பிரசங்க பீடம், அதன் அடியில் டீக்கன்கள் அமரும் ‘செட் வவுர்’, அதாவது பெரிய இருக்கை. மூன்று பக்கமும் வார்ப்பிரும்புத் தூண்களின் மேல் மாடி. எந்த மூலையிலிருந்தும் போதகரின் முகம் தெரியவேண்டும் என்பதே கணக்கு. அதே வடிவம் நான்கு குரல் கூட்டிசைக்கும் தோதாக அமைந்தது. 1859இல் யெயன் குவில்ட் என்ற இசைக்கலைஞர் சபைப் பாடலுக்கான மெட்டுப் புத்தகம் வெளியிட்டார். சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் சோல்ஃபா முறையும் பரவியது. ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் அறியாத சுரங்கக்காரரும் தன் குரல் வரியைத் தாளைப் பார்த்துப் பாட முடிந்தது.

உங்கள் கடைசிக் கேள்வியை ‘இதுவா, அதுவா’ என்று பிரிப்பது சரிவராது. இரண்டும் ஞாயிறு பள்ளியில் முடிச்சுப் போட்டுக் கிடந்தன. வேல்ஸின் ஞாயிறு பள்ளி குழந்தைகளுக்கு மட்டுமானதல்ல, தாத்தாக்களுக்கும் வகுப்பு உண்டு. 1588இல் வெளிவந்த வெல்ஷ் வேதாகமத்தை வைத்து அங்கேதான் பெரும்பாலோர் தாய்மொழியில் வாசிக்கக் கற்றார்கள். டாபர்னாக்கிளின் வேலை தொடங்கிய அதே 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதன்வழி வந்த பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். வாரத்தில் ஐந்து நாள் ஆங்கிலம், ஒரு நாள் வெல்ஷ். அடுத்த இரண்டு தலைமுறைகளும் வெல்ஷில் பிரசங்கம் கேட்கும் என்று நம்பித்தான் 1,450 இருக்கை போட்டார்கள். 1891 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசியவர்கள் 54 சதவீதம், 1911இல் 43.5. ஆனால் 1911இல் எண்ணிக்கையாகப் பார்த்தால் அவர்கள் முன்னைவிட அதிகம். மக்களைச் சபைகளுக்குத் திரட்டிய 1904-05 மத எழுப்புதலும் இடையில் வந்துபோயிருந்தது. அதனால் கூட்டம் நிறைந்தே தெரிந்தது, விரிசல் கண்ணில் படவில்லை.

தகரத் தொழிலும் சீராக நடக்கவில்லை. இறக்குமதித் தகரத் தகட்டின்மேல் 1891இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் மக்கின்லி சுங்கவரி அதன் மிகப் பெரிய சந்தையை அடைத்தது. கைத்தேர்ச்சி உள்ளவர்கள் பலர் பென்சில்வேனியாவுக்கும் ஒஹையோவுக்கும் கப்பலேறினார்கள். 1950களில் ட்ரோஸ்ட்ரே, வெலிண்ட்ரே என்ற இரு பெரிய ஆலைகள் வந்ததும் பழைய சிற்றாலைகள் மூடப்பட்டன. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு, வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சபை என்ற ஏற்பாடு குலைந்தது.

கூட்டம் சுருங்கியபின் இத்தகைய கட்டடங்கள் சாகும் விதம் அநேகமாக ஒன்றே. சூடாக்கும் செலவுக்குப் பயந்து ஆராதனையை வெஸ்ட்ரி என்ற சின்னப் பக்க அறைக்கு மாற்றுவார்கள். பெரிய கூடம் குளிர்ந்து ஈரம் கோக்கும். அலங்கார முகப்புச் சுவர் கூரையைவிட உயரமாக நிற்பதால் அதன் பின்னே ஒரு மறைவான வடிகால் ஓடும். இலை அடைத்தாலும் கீழிருந்து தெரியாது. தேங்கிய நீர் உத்திரத்தின் முனை வழியாகச் சுவருக்குள் இறங்கும். சுண்ணாம்புப் பூச்சை எடுத்துவிட்டு சிமெண்ட் பூசியிருந்தால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். தரைக்கடியில் காற்றுத் துளைகளும் மண்ணேறி அடைத்திருந்தால், உலர் அழுகல் எனப்படும் பூஞ்சை பெஞ்சுகளின் அடியிலிருந்து கிளம்பிவிடும். மூக்குக்கு எட்டும்போது பலகைகள் உள்ளே பொடியாகியிருக்கும். வருடம் இருமுறை ஏணி வைத்து அந்த வடிகாலை வழிக்க ஆள் இருந்தால் இதில் முக்கால்வாசி நேராது. எஞ்சியிருப்பவர்களில் பலர் ஏணி ஏறும் வயதைத் தாண்டியவர்கள்.

அன்புடன்.