அந்த 'ஆனா'வ மொதல்ல வெட்டுங்க

அண்ணே வணக்கம். நான் தேயிலத் தோட்டத்து லைன் வீட்டுல, லயத்துல பொறந்தவதான், ஆனா இப்ப அட்டன் பக்கம் ஒரு ஸ்கூல்ல இங்கிலீஷ் படிச்சு குடுக்குறேன். 'பட்'ல வசனம் தொடங்கக்கூடாது, 'ஓல்தோ' போட்டா பின்னால 'பட்' வரக்கூடாதுன்னு சீனியர் டீச்சர் சொல்றாங்க. சரியா?

தங்கச்சி,

தொடங்கலாம், இங்கிலீஷ் பைபிள்லயே எத்தனையோ வசனம் 'பட்'ல தொடங்குது. 'ஓல்தோ' விஷயத்துல அவங்க சொல்றது சரி, 'மழ பேஞ்சாலும் போனோம்'னா அந்த 'உம்' போதும்ல, அதே கணக்குதான்.

என்னைய நிறுத்துனது உங்க கேள்வி இல்ல, மொத வரி. 'லயத்துல பொறந்தவதான், ஆனா'வாம்! அந்த 'ஆனா' எதுக்கு புள்ள?

'பட்' பழைய இங்கிலீஷ்ல 'பூட்டன்'. அர்த்தம் 'வெளிய'. 'அவுட்'டுக்கும் அதே வேர்தான். வெளியங்கறது 'இல்லாம'ன்னு ஆகி, 'தவிர'ன்னு ஆகி, கடைசியிலதான் 'ஆனா'ன்னு வந்து நின்னுச்சு. 'ஓல் பட் வன்'னா ஒன்னத் தவிர எல்லாம், பழைய அர்த்தம் அதுல இன்னும் உசுரோட இருக்கு. ஸ்கொட்லாந்துல ரெண்டு காம்பரா குடிசைக்கு 'பட் அன்ட் பென்'னு பேரு, 'பட்' வெளிக்காம்பரா, 'பென்' உள்காம்பரா. கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்துல 1867ல 19 ஏக்கர் தேயில போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டுக்காரர்தான். நம்ம ஆளுங்களுக்கு தோட்டத்துல கெடச்சது ஒரே காம்பரா, முன்னால திண்ண மாதிரி ஒரு இஸ்தோப்பு. 1948ல இலங்கையில பிரஜாவுரிமச் சட்டம் வந்தப்ப நம்ம ஆளுங்கள நாட்டுக்கே வெளிய நிறுத்திட்டாங்க.

எனக்கு பதினோரு வயசுல அம்மா ஒரு நாள் பேர, அதாவது அன்னைக்கு கூலிய விட்டுட்டு என்னைய டவுன் ஸ்கூல்ல சேக்க கூட்டிட்டு போனாங்க, அங்க ஒருத்தர் ரிப்போர்ட்ட பெரட்டிப் பாத்துட்டு பக்கத்துல இருந்தவர்கிட்ட 'குட் மார்க்ஸ், பட் எஸ்டேட்'னாரு. அம்மாவுக்கு 'குட்' மட்டும் வெளங்குச்சு, சிரிச்சாங்க. எடம் கெடைக்கல. அன்னைக்கு பொழுது சாஞ்சு இஸ்தோப்புல உக்காந்து, ஐயா எம்புள்ளைய குட்டுன்னு சொன்னாருன்னு லயம் பூரா கேக்குற மாதிரி சொன்னாங்க. மிச்சத்த நான் கடைசி வரைக்கும் அவங்களுக்கு சொல்லல.

அந்தாளு போட்ட 'பட்'ட நீங்களா எடுத்து உங்களுக்கே போட்டுக்கிட்டா எனக்கு கோவம் வராதா? நம்ம 'ஆனா' 'ஆகு'ல இருந்து வந்த சொல்லு தங்கச்சி, ஒன்னு இன்னொன்னா ஆகுறது அதுக்குள்ள இருக்கு, ஆள வெளிய தள்ள அத எடுக்காதீங்க.

லயத்துல பொறந்தேன், இங்கிலீஷ் படிச்சு குடுக்குறேன். இப்பிடி எழுதி திரும்ப அனுப்புங்க.